தானாக வெடிக்காத அக்கீயைத் தொடாதீர்கள்

ஜமைக்காவில் யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன்னால் "குட் மார்னிங்" சொல்லிவிடுங்கள். விலை, வழி, குடிக்கத் தண்ணீர், எல்லாம் அதற்கு அப்புறம்தான். வணக்கம் சொல்லாமல் நேராக "இது என்ன விலை?" என்று ஆரம்பித்தால், காய்கறிக் கடை அம்மா நீங்கள் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார். கோபமெல்லாம் இல்லை. மரியாதை தெரியாதவனுக்குக் காய் விற்க அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்குத் திருப்பதியில் நேரம் கிடைக்கவில்லை. போன மாதம் அங்கே ஒரு கேட்டரிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு, கரீபியன் தீவுகளைச் சுற்றும் பெரிய உல்லாசக் கப்பல்களில் வேலை கிடைத்திருக்கிறது. முதல்வர் பேசி, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து முடிந்தபோது எனக்கென்று மிஞ்சியது கொஞ்ச நேரம்தான். பையன்கள் சம்பளத்தைப் பற்றியும் லீவைப் பற்றியும் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "அங்க ஊர்ச் சாப்பாடு நம்மளால சாப்பிட முடியுமா சார்? எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது?" என்று கேட்டாள். அன்றைக்கு வந்த ஒரே சமையல்காரக் கேள்வி அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கான பதில் இது.

நான் முனிரத்தினம். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் விவசாயக் குடும்பம். நைனாவுக்கு நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். அதனால் திருப்பதியில் மலையடிவாரத்தில் ஒரு ஓட்டலுக்கு வேலைக்குப் போனேன். வடக்கே தெலுங்குப் பக்கத்திலிருந்து வரும் யாத்திரிகர்களுக்குப் பப்பு, கோங்கூரா. தெற்கேயிருந்து வருபவர்களுக்குச் சாம்பார், வத்தக்குழம்பு. இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கி இரண்டு சமையலையும் கற்றுக்கொண்டேன். அங்கிருந்து மெட்ராஸ் துறைமுகக் கேண்டீன். அங்கிருந்து கப்பல். மீதி வாழ்க்கை முழுக்கக் கப்பல்தான்.

நான் முதலில் ஏறியது ஒரு சரக்குக் கப்பல். ரங்கூனில் அரிசி, கல்கத்தாவில் கோணிப்பை ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப்போய் டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் இறக்கும். அங்கே சர்க்கரை ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஊர் திரும்பும். அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்குச் சமையல் தனி. மாலுமிகளும் எஞ்சின் அறை ஆட்களும் நம்மவர்கள். பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் தெலுங்கு. அவர்கள் எல்லோருக்கும் ஒரே சமையலறை. அதில் பெரிய சமையல்காரர் கோட்டய்யா மேஸ்திரி. அவருக்கு அடுத்தவன் நான்.

மேஸ்திரி மசூலிப்பட்டணத்துக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னைத் தெலுங்கில் பிரியமாக "நாயனா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "முனிரத்தினம் காரு, இந்தப் பருப்பைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்றால் பருப்பு அடிப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த "காரு" காதில் விழுந்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடுவேன். வேறு கப்பல்களில் எத்தனையோ பெரிய சமையல்காரர்களிடம் பிற்பாடு வேலை பார்த்தேன். பாத்திரத்தை வீசுகிறவர்களைக் கண்டு நான் பயந்ததே இல்லை. பயந்தது அந்த ஒரு "காரு"வுக்குத்தான்.

புதுத் துறைமுகத்தில் காய்கறி வாங்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதை நான் கடைசிவரை மாற்றவில்லை, நீங்களும் மாற்றாதீர்கள். முதல் தடவை சந்தைக்குப் போகும்போது எதையும் வாங்கக்கூடாது. வெறும் கூடையோடு சுற்ற வேண்டும். மத்தியானம் விற்பவர்கள் தங்கள் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள் இல்லையா, அப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விற்கிறதைப் பார்க்காதே, துன்றதைப் பார் என்பார். மறுநாள் வாங்கப் போகும்போது, தெரியாத காய் எதுவானாலும் மூன்று கேள்வி. இதில் எதைத் தூக்கிப் போடுவீர்கள்? எந்தத் தண்ணீரைக் கொட்டுவீர்கள்? உங்கள் வீட்டில் யாருக்கு இதைக் கொடுக்க மாட்டீர்கள்? "எப்படிச் சமைக்கணும்?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் மசாலாவைப் பற்றித்தான் சொல்வார்கள். விஷம் எங்கே இருக்கிறது என்பது இந்த மூன்று கேள்வியில்தான் வெளியே வரும். கப்பலுக்கு வந்ததும் கைப்பிடி அளவு சமைத்து அவரே முதலில் சாப்பிடுவார். அடுத்த வேளைவரை உடம்பு சரியாக இருந்தால்தான் அந்தக் காய் பெரிய சட்டிக்குள் போகும்.

எங்களுக்கு முதலில் வந்தது டிரினிடாட். அங்கே நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. சந்தையில் விற்பவர்களில் பாதிப்பேரின் பாட்டன் பூட்டன் நம் பக்கத்திலிருந்தும் பீகார் பக்கத்திலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். கீரைக்கு அங்கே "பாஜி" என்று பெயர். கடலைப்பருப்பை அவித்து அரைத்து ரொட்டிக்குள் வைத்துச் சுடுகிறார்கள், தால்பூரி. கையில் பிடித்துக்கொண்டே நடந்து சாப்பிடலாம். சேப்ப இலையோடு வெண்டைக்காய், தேங்காய்ப்பால் சேர்த்துக் கடைந்தால் அது கல்லலூ. இலை நன்றாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். சேம்பு தின்றவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளியில் மட்டும் விஷமுள்ள கசப்பு ஜாதி ஒன்று உண்டு, அதை வீட்டில் பக்குவம் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் இனிப்பு ஜாதி என்று கேட்டு வாங்குங்கள். மிளகாய், சுருங்கிப்போன குல்லாய்போல இருக்கும். வாசனையாக இருக்கும். அதை முழுசாகக் குழம்பில் போட்டு, உடையாமல் காம்போடு எடுத்துவிட வேண்டும். எங்கள் கப்பலில் ஒரு குண்டூர்க்காரர், "நான் பார்க்காத மிளகாயா?" என்று பச்சையாகக் கடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாரல் என்று ஒரு சிவப்புப் பானம் கொடுப்பார்கள். இஞ்சியும் கிராம்பும் போட்டது. அது என்னவென்று மேஸ்திரிதான் மூக்கில் வைத்துக் கண்டுபிடித்தார். நம் புளிச்சக்கீரைச் செடியின் ஜாதி. நாம் இலையைச் சாப்பிடுகிறோம், அவர்கள் பூவைச் சுற்றியிருக்கும் சிவப்பு இதழை ஊறவைத்துக் குடிக்கிறார்கள். மேஸ்திரி அதை விற்ற அம்மாவிடம் இலையைக் கேட்டார். "இலையையா? ஆட்டுக்குப் போடுவோம்" என்றார். கூடை நிறையச் சும்மாவே கொடுத்தார். அன்றைக்குப் புளிச்சக்கீரையும் பருப்பும் சேர்த்த கோங்கூரா பப்பு. தெலுங்குக்காரர்கள் தட்டை வழித்த சத்தம் மேல்தளம்வரை கேட்டது. தமிழ்க்காரர்களும் இரண்டாம் தரம் வாங்கினார்கள்.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்த்த மரம் இருந்தால் கிட்டே போகாதீர்கள். மழைக்குக்கூட அதன் அடியில் நிற்கக்கூடாது, சொட்டுகிற தண்ணீர் பட்டாலே தோல் வெந்துவிடும். பெரிய சீலா மீன் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அந்தக் கடலில் பெரிய சீலாவுக்குள் விஷம் சேரும். வேகவைத்தாலும் அது போகாது. "ஜஸ்ட் நௌ வருகிறேன்" என்று டிரினிடாடில் யாராவது சொன்னால், இப்போது வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கப்பலைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் துறைமுகத்தில்தான் எங்களுக்கு ஊரிலிருந்து கடிதங்களும் பத்திரிகைகளும் வந்து காத்திருந்தன. 1953 அது. ஆந்திரா தனி மாநிலம் ஆகப்போகிறது என்று அறிவிப்பு வந்துவிட்டது. மெட்ராஸ் யாருக்கு, சித்தூர் ஜில்லா யாருக்கு என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கடிதங்கள் ஒரு மாதத்துக்கு மேல் பழசு. ஆனால் எங்களுக்கு அன்றைக்குத்தான் புதுசு.

எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவர் ஏகாம்பரம், திருத்தணிக்காரர். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். மேல்தளத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் சூரிபாபு, காக்கிநாடாக்காரர். ஆள் மலைபோல இருப்பார். இரண்டு பேரும் சாப்பாட்டு இடத்தில் மோதிக்கொண்டார்கள்.

"மெட்ராஸ் மாதி" என்றார் சூரிபாபு. மெட்ராஸ் எங்களுடையது.

"திருப்பதி எங்களோடது. அதைக் குடுத்துட்டு அப்புறம் பேசு" என்றார் ஏகாம்பரம்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜமைக்கா போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. யாருக்கு முதலில் பரிமாறினார்கள், யார் தட்டில் கறித்துண்டு அதிகம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். பப்பு வைத்தால் தமிழ்ப் பக்கம் முகம் சுளித்தது. சாம்பார் வைத்தால் தெலுங்குப் பக்கம் தட்டைத் தள்ளியது. ஒருநாள் ஏகாம்பரம், எஞ்சின் அறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"முனிரத்தினம், நாளைலேர்ந்து எங்க சோறு தனி. தமிழாளுங்களுக்கு நீ ஆக்கு. தெலுங்காளுங்களுக்கு அவரு ஆக்கட்டும்."

"எனக்கு ஆக்கறதுல ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "ஒரு சட்டியில ஆக்கறதை ரெண்டு சட்டியில ஆக்கிக்கினு இருந்தா, வேலைக்குப் போறவன் எப்பத் துன்னுவான்?"

"நீ நகரிக்காரன். தமிழனா இல்லியா, அதைச் சொல்லு."

"தமிழன்தான். நகரி தமிழ்ப் பக்கம் வரணும்னுதான் எனக்கும் ஆசை. அதுக்கும் இந்தச் சட்டிக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

நான் அப்படிச் சொன்னதை மேஸ்திரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் ஆசை அவருக்குப் பிடித்திருக்காது. அரிசி களைந்துகொண்டே தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஏகாம்பரம் காரு."

நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன்.

"இந்தச் சமையலறையில் எத்தனை அடுப்பு இருக்கு, பார்த்துச் சொல்லுங்க."

ஏகாம்பரம் பார்த்தார். "ஒண்ணு."

"அவ்வளவுதான்" என்று மேஸ்திரி அடுத்த தண்ணீர் ஊற்றினார்.

ஏகாம்பரம் விடவில்லை. தங்கள் பங்கு அரிசி, பருப்பு, வெங்காயத்தைத் தனியாக வாங்கிக்கொண்டு போய், எஞ்சின் அறையில் கொதிக்கிற குழாய்மேல் சட்டியை வைத்துத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். அது கப்பல் சட்டத்துக்கு விரோதம். மேஸ்திரி யாரிடமும் புகார் சொல்லவில்லை. அவர்கள் பங்கை அளந்து கொடுக்கும்போது ஒரு கை கூடவே போட்டார். குழாய்ச் சூட்டில் அரிசி பாதி வீணாகும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் கிங்ஸ்டன் போய்ச் சேர்ந்தோம். சந்தையில் மேஸ்திரி வழக்கம்போல முதல் நாள் வெறும் கூடையோடு சுற்றினார். விற்பவர்களின் தட்டில் முட்டைப் பொடிமாஸ் மாதிரி மஞ்சளாக ஒன்று எல்லோரிடமும் இருந்தது. ஆனால் சந்தையில் முட்டை அவ்வளவாக இல்லை. மறுநாள், மிஸ் ஐவி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு அம்மாவின் கடைக்கு முன்னால் நின்று "குட் மார்னிங்" சொன்னோம். அவர் மடியில் பேரிக்காய் அளவில் சிவப்புக் காய்கள். ஒவ்வொன்றும் மூன்றாக வெடித்து, உள்ளே பளபளவென்று மூன்று கறுப்பு விதை. விதைக்கு அடியில் வெண்ணெய் நிறத்தில் சதை. அதுதான் அக்கீ.

மேஸ்திரி தன் மூன்று கேள்வியையும் கேட்டார். மிஸ் ஐவி கையில் இருந்த காயைக் கீழே வைத்துவிட்டு எங்களை நேராகப் பார்த்தார்.

"இதைப் பறிக்கக்கூடாது. இது தானாகவே மரத்தில் கொட்டாவி விடணும். மூடியிருக்கிற காயை நீ பிளந்தால் அது உன்னைக் கொன்றுவிடும். விதையைத் தூக்கிப் போடு. சதைக்குள் ஓடுகிற இந்த ரோஸ் நாரை நகத்தால் எடு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டு. சின்னப் பிள்ளைக்கும், பட்டினியாகக் கிடந்தவனுக்கும் என் வீட்டில் இதைக் கொடுக்க மாட்டேன்."

"தெரியாமல் யாராவது மூடின காயைத் தின்றுவிட்டால்?" என்று கேட்டேன்.

"வாந்தி எடுப்பான். அப்புறம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருப்பான். அப்புறம் தூங்குவான். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டான். சர்க்கரைத் தண்ணீர் கொடு. கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடு."

வாங்கி வந்தோம். உப்புக் கருவாட்டை ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, முள் எடுத்தோம். வெங்காயம், தக்காளி, அந்தக் குல்லாய் மிளகாய் வதக்கி, கருவாட்டைப் போட்டு, கடைசியில் வெந்த அக்கீயைச் சேர்த்து, உடையாமல் ஒரு புரட்டு. கரண்டியால் கிளறினால் கூழாகிவிடும். மேஸ்திரி சாப்பிட்டார், காத்திருந்தார். அதற்கு அப்புறம்தான் எல்லோருக்கும் போட்டோம். அந்த வாசனை காற்றுக் குழாய் வழியாக எஞ்சின் அறைக்கும் போயிருக்க வேண்டும். வெந்தும் வேகாத சோற்றைத் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் குப்பைக் கூடையில் சிவப்புத் தோலை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது என்ன, எப்படிச் செய்வது என்று எங்களிடம் வந்து கேட்க மட்டும் மனசு இடம் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் எஞ்சின் அறையிலிருந்து துரை என்பவர் சமையலறைக்கு வந்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் இஞ்சி குடு. ஏகாம்பரண்ணனுக்கு வயிறு சரியில்ல."

"இன்னா துன்னாரு?"

"பிஸ்கோத்து. வேற ஒண்ணும் இல்ல."

துரையின் முகமே வெளிறியிருந்தது. இஞ்சியைக் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். கீழே, எஞ்சின் அறை ஆட்கள் படுக்கும் இடத்தில் ஏகாம்பரம் சுருண்டு கிடந்தார். தரையெல்லாம் வாந்தி. காலராவாக இருக்குமோ என்று யாரோ சொல்ல, அது மேலே போய், துறைமுக டாக்டர் வரும்வரை புதிதாக யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. காலரா என்று எழுதிவிட்டால் கப்பல் அங்கேயே நிற்கும். சரக்கும் நிற்கும், ஆட்களும் கரையில் கால் வைக்க முடியாது. எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

எனக்குக் காலரா மாதிரி தெரியவில்லை. வாந்தி நின்றுபோய், ஆள் தூங்க ஆரம்பித்திருந்தார். நல்ல தூக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்தத் தூக்கத்தைப் பார்த்ததும்தான் மிஸ் ஐவி சொன்னது ஞாபகம் வந்தது. துரையைப் பிடித்து உலுக்கினேன்.

"உண்மையைச் சொல்லு. இன்னா துன்னீங்க?"

துரை வாசலைப் பார்த்தார். அங்கே சூரிபாபுவும் தெலுங்கு ஆட்களும் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சொல்லத் துரைக்கு வாய் வரவில்லை. திருட்டுத்தனமாகப் பறித்தது, திருட்டுத்தனமாக ஆக்கியது, எல்லாம் வெளியே வரும். சூரிபாபுவுக்கு அது புரிந்துவிட்டது. தன் ஆட்களை மேலே போகச் சொன்னார். தான் மட்டும் நின்று, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேனு வினனு. செப்பு" என்றார். நான் கேட்க மாட்டேன், சொல்லு.

அத்தனை பெரிய ஆள் காதைப் பொத்திக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் துரைக்கு அழுகை வந்துவிட்டது.

"செவப்புக் காய். சக்கரைக் கிடங்குக்குப் பின்னால மரம் இருக்குது. மூடிக்கினு இருந்துச்சி. கத்தியால பொளந்து ஆக்கினோம். எங்களுக்குப் புடிக்கல, ரெண்டு வாய்தான் துன்னோம். அண்ணன்தான் வீம்புக்கு எல்லாத்தையும் துன்னாரு."

நான் படியேறிப் போய் மேஸ்திரியிடம் இரண்டே வார்த்தைதான் சொன்னேன்: "மூடின அக்கீ." அவர் கையில் இருந்த கரண்டியை அப்படியே விட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தார். வெந்நீரில் கெட்டியாகக் கரைத்தார். உத்தரவைத் தாண்டி மறுபடி உள்ளே போகலாமா என்று தயங்கினேன்.

"இந்த மனுஷன் வாய்க்குப் போறது நம்ம பொறுப்பு நாயனா. உத்தரவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நட."

ஏகாம்பரத்தின் பற்கள் கிட்டித்திருந்தன. கூப்பிட்டால் முனகக்கூட இல்லை. சூரிபாபு அவர் தலையைத் தன் மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டு, கன்னத்துக்குள் விரலை விட்டு விலக்கினார். நான் சொட்டுச் சொட்டாகக் கன்னத்து ஓரத்தில் விட்டேன். அதிகம் விட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்த சொட்டு. நடுவில் உடம்பு வெட்டி இழுத்தது. பற்கள் சூரிபாபுவின் விரலில் பதிந்தன. ரத்தம் வந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. நானும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

இழுப்பு நின்றதும் சூரிபாபு, "டாக்டர் வர்றதுக்குள்ள இவன் போயிடுவான், நாமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்" என்றார். கீழ்த்தட்டிலிருந்து மேலே ஏறுவது செங்குத்தான இரும்பு ஏணி. தூக்குக் கட்டில் அதில் ஏறாது. ஏகாம்பரத்தை ஒரு போர்வையில் சுற்றித் தன் முதுகில் கட்டச் சொல்லி, அப்படியே ஏறினார். பின்னால் நான் கால்களைத் தாங்கிக்கொண்டு ஏறினேன். மேலே தலைமை அதிகாரியிடம் மேஸ்திரி அதற்குள் விஷயத்தைச் சொல்லி, வண்டிக்கும் ஏற்பாடு செய்திருந்தார். துரையையும் அந்தக் காயைத் தின்ற மற்றவர்களையும்கூடச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து அதே வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், அந்த ஊர்க்காரர். நான் எஞ்சின் அறையிலிருந்து பொறுக்கிக்கொண்டு போயிருந்த தோலைக் காட்டினேன். அதை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நரம்பில் குளுகோஸ் ஏற்ற ஆரம்பித்தார். நர்ஸையும் விலகவிடாமல் தானும் கட்டிலருகிலேயே நின்றார். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அந்தக் காய் வற்றவைத்துவிடுகிறது என்றும், தங்கள் நாட்டுப் பிள்ளைகள் பலர் அப்படிச் செத்திருக்கிறார்கள் என்றும் பிற்பாடு எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். நல்ல வைத்தியர். அவர் கையால்தான் ஏகாம்பரம் பிழைத்தார்.

ஏகாம்பரம் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தது சூரிபாபு, விரலில் கட்டோடு.

"நீ இன்னா இங்க பண்ற?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

சூரிபாபுவுக்கு ஓரளவுக்குத் தமிழ் தெரியும். "சும்மா வந்தேன்" என்றார்.

கப்பலில் அன்றைக்கு மத்தியானம் மீதி எஞ்சின் அறை ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். மேஸ்திரி கரண்டியை எடுத்தார். பரிமாறினார். சோறு பத்தாமல் போகவில்லை, ஏனென்றால் காலையிலேயே அவர்களுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருந்தார். களைந்தவன் நான், அதனால் எனக்குத் தெரியும். சாயங்காலம் அவரே தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கப்பல் சர்க்கரை ஏற்றி முடியும்வரை தினமும் போனார்.

மாநிலச் சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஊர் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள்.

மெட்ராஸில் இறங்கியபோது எங்கள் பக்கம் கலவரமாக இருந்தது. பிற்பாடு திருத்தணி தமிழ்ப் பக்கமும் நகரி ஆந்திரப் பக்கமும் என்று முடிவானது. அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. எல்லைப் போராட்டம் என்று ஆங்காங்கே ரயிலை மறித்துக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரத்துக்கு உடம்பு தேறியிருந்தாலும் பெட்டியைத் தூக்கும் தெம்பு இன்னும் வரவில்லை. சூரிபாபு போக வேண்டிய ரயில் வேறு, வடக்கே போவது. அவர் ஏகாம்பரத்தின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ரயிலில் ஏறிவிட்டார்.

"நீ அந்தப் பக்கம் வராத. ஜனங்க கோவத்துல இருக்காங்க" என்றேன்.

"பெட்டி வச்சிட்டுப் போயிடறேன்" என்றார்.

திருத்தணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின்மேல் கூட்டம். கோஷம். நாங்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். முன்னால் பெட்டியோடு சூரிபாபு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம், பின்னால் நான். வழிவிடச் சொல்லிச் சூரிபாபு வாயைத் திறந்ததுமே அவர் தமிழில் தெலுங்கு வாசனை வந்துவிட்டது. நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருய்யா நீ? எந்த ஊரு?"

"காக்கிநாடா" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். பெட்டி சரிந்தது. நான் நடுவில் நுழைவதற்குள் ஏகாம்பரம் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். நிற்கவே ஆடிக்கொண்டிருந்தார், குரல் மட்டும் பழைய குரல்.

"கைய எடு. திருத்தணி தமிழ்நாட்டுக்குத்தான் வரணும், நானும் உங்ககூட வந்து தண்டவாளத்துல குந்துறேன். ஆனா முதல்ல இவர வூட்டுக்கு இட்டுக்கினு போயி சோறு போடணும். இந்தாளு இல்லன்னா என் பொணம்கூட இந்த ஊருக்கு வந்திருக்காது."

சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்தான். சரிந்த பெட்டியை அவனே தூக்கிச் சூரிபாபுவின் தலையில் வைத்தான். கூட்டம் விலகியது. நாங்கள் கொஞ்ச தூரம் நடந்தோம். கோஷம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. சூரிபாபு திரும்பி என்னைப் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"அயினா, மெட்ராஸ் மாத்ரம் மாதே." இருந்தாலும் மெட்ராஸ் மட்டும் எங்களுடையதுதான்.

ஏகாம்பரத்துக்கு அது கேட்டுவிட்டது. திரும்பக்கூட இல்லை.

"வூட்டுக்கு வாய்யா. துன்னுக்கினே பேசிக்கலாம்."